நான்காம் நாள் விண்வெளி நிலையம் ஏன் வரவில்லை? சுற்றுப்பாதை நிரலில் பிழை எங்கே இருக்கும்

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் விளங்கும். நீங்கள் சென்னைத் தண்டையார்பேட்டையில் இருக்கிறீர்கள். செயற்கைக்கோளின் பாதையை எண்களாகத் தரும் டிஎல்இ எனப்படும் இருவரித் தரவை இறக்கி, பைத்தான் நிரல்மொழியில் கெப்ளர் சமன்பாட்டை (நீள்வட்டப் பாதையில் ஒரு பொருள் எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்று சொல்வது) தீர்த்து, சர்வதேச விண்வெளி நிலையம் உங்கள் மொட்டைமாடிக்கு மேல் எப்போது வரும் என்று கணக்கிடுகிறீர்கள். முதல் நாள் சரியாக வந்தது. மறுநாள் நிரல் சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே நிலையம் வந்துவிட்டது. நான்காம் நாள் "நேர் உச்சியில்" என்று நிரல் சொன்னது, வானத்தில் ஒன்றுமே இல்லை. கெப்ளர் சமன்பாட்டைத் தீர்த்த விதத்தில் எங்கே தவறு என்று கேட்கிறீர்கள்.

அதில் தவறே இல்லை. விடையைத் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டே போகும் நியூட்டன் முறையில் நாலைந்து சுழற்சியில் தீர்ந்துவிடும் சமன்பாடு அது. நிலையத்தின் பாதை ஏறக்குறைய வட்டம் என்பதால் இரண்டு மூன்று சுழற்சியே போதும். இந்த வேலையில் கணிதம் கைவிடுவது அபூர்வம். எந்த எண் எதைக் குறிக்கிறது, அது எந்தக் கடிகாரத்தின் நேரம், எந்த அச்சில் அளந்தது, இந்த மூன்றில்தான் பிழை ஒளிந்திருக்கும். நீங்கள் சொன்ன அறிகுறிகளை வைத்தே உங்கள் பிழையைக் கண்டுபிடித்துவிடலாம்.

பூமி சரியான உருண்டை இல்லை. நடுக்கோட்டு ஆரம் 6378 கி.மீ., துருவ ஆரம் 6357 கி.மீ. இந்த 21 கி.மீ. பிதுக்கம் செயற்கைக்கோளின் பாதைத் தளத்தையே மெல்லத் திருப்பிக்கொண்டிருக்கிறது. 51.6 டிகிரி சாய்வில், சுமார் 420 கி.மீ. உயரத்தில் ஓடும் நிலையத்துக்கு ஏறுகணு (தெற்கிலிருந்து வடக்கே நடுக்கோட்டைக் கடக்கும் புள்ளி) நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 டிகிரி மேற்கே நகரும். அண்மைப்புள்ளி (பாதையில் பூமிக்கு மிக அருகே உள்ள இடம்) 3.7 டிகிரி முன்னே நகரும். இந்த 3.7 டிகிரியைக் கடக்க நிலையத்துக்கு 57 விநாடி ஆகும். அதனால்தான் வெறும் கெப்ளர் நிரல் நாளுக்கு ஒரு நிமிடம் பின்தங்குகிறது. நான்காம் நாளுக்குள் தளம் 20 டிகிரி திரும்பிவிட்டது. நம் அட்சரேகையில் அது 2,170 கி.மீ. தூரம். நிலையத்தின் தரைத்தடம் சாய்வாக ஓடுவதால் உங்களுக்கும் தடத்துக்கும் இடையே மிகக் குறைந்த தூரம் 1,700 கி.மீ. அளவுக்கு வரும். நீங்கள் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த வேளையை ஒட்டி நிலையம் மேற்குப் பக்கத்தில் 6 டிகிரி உயரத்தில், கட்டடங்களுக்குப் பின்னால் போயிருக்கும்.

அப்படியென்றால் இந்த 5 டிகிரியையும் 3.7 டிகிரியையும் கையால் சேர்த்துவிட்டால் போதுமா என்று தோன்றும். நிரல் ஓரளவு தேறும், ஆனால் சரியாகிவிடாது. டிஎல்இ-யில் இருக்கும் சாய்வு, மையத்தொலைத்தகவு (பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு விலகியது), சராசரிக் கோணம் (சுற்றில் எவ்வளவு கடந்தது) எல்லாம் அந்தக் கணத்தின் உண்மையான பாதைக்கு உரியவை அல்ல. குறுகிய கால ஏற்ற இறக்கங்களைக் குறிப்பிட்ட ஒரு விதத்தில் நீக்கிச் சராசரியாக்கிய எண்கள் அவை. எஸ்ஜிபி4 என்ற கணிப்பு முறை அந்த ஏற்ற இறக்கங்களைத் திரும்பச் சேர்த்து உண்மை நிலையைத் தரும். பூட்டும் சாவியும் போல இரண்டும் ஒன்றுக்கொன்று செய்தவை. டிஎல்இ-யை எஸ்ஜிபி4 தவிர வேறு எதில் போட்டாலும், அந்த வேறு முறை எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், விடை கெடும். இந்தப் பதிலில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எஸ்ஜிபி4-இன் சமன்பாடுகள் ஃபோர்ட்ரான் நிரலோடு 1980-இல் ஸ்பேஸ்டிராக் மூன்றாம் அறிக்கையாக வெளியாயின. பின்னர் ஆளுக்கொரு திருத்தம் சேர்ந்து பல வடிவங்கள் உலவின. 2006-இல் வல்லாடோவும் உடன் ஆய்வாளர்களும் அவற்றை ஒழுங்குபடுத்தினார்கள். பைத்தானில் எஸ்ஜிபி4 என்ற பெயரிலேயே நூலகம் இருக்கிறது. கற்றுக்கொள்வதற்காக நீங்களே எழுதுவது நல்லதுதான், ஆனால் உள்ளே டபிள்யூஜிஎஸ்-72 எனப்படும் பழைய பூமி அளவுத் தரத்தின் மாறிலிகளையே வையுங்கள்: ஆரம் 6378.135 கி.மீ., பூமியின் ஈர்ப்பு எண் (GM) 398600.8 கி.மீ.³/விநாடி². புதியதுதான் சரியாக இருக்கும் என்று டபிள்யூஜிஎஸ்-84 எண்களைப் போட வேண்டாம். டிஎல்இ-யைப் பொருத்தும்போதே பழைய மாறிலிகளை வைத்துத்தான் பொருத்துகிறார்கள். உங்கள் மொட்டைமாடியின் இடத்தைக் கணக்கிடும்போது மட்டும் டபிள்யூஜிஎஸ்-84.

எழுதி முடித்ததும் சரிபார்க்க, அறிக்கையிலேயே உள்ள சோதனை எண்கள் இவை. ஆண்டும் நாளும் 80275.98708465, சாய்வு 72.8435, ஏறுகணு 115.9689, மையத்தொலைத்தகவு 0.0086731, அண்மைப்புள்ளிக் கோணம் 52.6988, சராசரிக் கோணம் 110.5714, ஒரு நாளில் சுற்றுகள் 16.05824518, காற்றிழுவை எண் 0.000066816. தொடக்க நிமிடத்தில் நிலை 2328.97, −5995.22, 1719.97 கி.மீ. என்று வரவேண்டும். 360 நிமிடம் கழித்து 2456.1, −6071.9, 1222.9. முதல் வரிசை வந்து இரண்டாவது வராவிட்டால், காலத்தோடு வளரும் உறுப்புகளில் பிழை. முதலாவதே வராவிட்டால் டிகிரி, ரேடியன் குழப்பம் அல்லது ஒரு நாளில் சுற்றுகளை நிமிடத்துக்கு ரேடியனாக மாற்றியதில் தவறு. இந்த எண்கள் தேறும்வரை மொட்டைமாடிக்குப் போகாதீர்கள்.

டிஎல்இ வரியைப் படிப்பதிலும் நிறைய பேர் சறுக்குகிறார்கள். அது 69 எழுத்துகள் கொண்ட, துளை அட்டைக் காலத்து அமைப்பு. இடைவெளியை வைத்துப் பிரிக்கக் கூடாது, இடத்தை எண்ணித்தான் வெட்ட வேண்டும். இரண்டாம் வரியின் கடைசியில் 15.72125391563537 என்று ஒரே எண்போல ஒட்டிக்கொண்டு வரும். உண்மையில் அது மூன்று எண்: ஒரு நாளில் 15.72125391 சுற்று, 56353-ஆவது சுற்று, கடைசி 7 சரிபார்ப்பு இலக்கம். மையத்தொலைத்தகவு 27 முதல் 33 வரையுள்ள இடங்களில் தசமப் புள்ளி இல்லாமல் இருக்கும். 0006703 என்றால் 0.0006703. காற்றிழுவை எண்ணுக்கும் புள்ளி கிடையாது, கடைசியில் தனியாக அடுக்கு வரும்: 66816-4 என்றால் 0.66816 பெருக்கல் பத்தின் மைனஸ் 4 அடுக்கு. சரிபார்ப்பு இலக்கம் என்பது வரியில் அதற்கு முன் உள்ள இலக்கங்களின் கூட்டலில் கடைசி இலக்கம்தான். கழித்தல் குறியை 1 என்று எண்ண வேண்டும், எழுத்துகளையும் கூட்டல் குறியையும் புள்ளியையும் விட்டுவிட வேண்டும்.

செயற்கைக்கோளின் பட்டியல் எண்ணுக்கு டிஎல்இ-யில் ஐந்தே இலக்க இடம் இருப்பதால் புதிய பொருள்களுக்கு இடம் தீர்ந்துகொண்டிருக்கிறது. இன்று புதிதாக எழுதத் தொடங்குபவர் ஒவ்வொரு எண்ணையும் அதன் பெயரோடு தரும் ஓஎம்எம் என்ற வடிவத்தில், ஜேசான் அல்லது சிஎஸ்வி கோப்பாக அதே உறுப்புகளை எடுத்துக்கொள்வது நல்லது. மேலே சொன்ன வெட்டும் வேலை எதுவுமே இருக்காது.

இனி நேரம். அதிகப் பிழை விளைவது இங்கேதான். நிலையம் விநாடிக்கு 7.66 கி.மீ. போகிறது.

டிஎல்இ-யின் நேரம் உலகப் பொது நேரம். 08264.51782528 என்றால் 2008-ஆம் ஆண்டின் 264-ஆம் நாள். ஜனவரி 1-தான் முதல் நாள், பூஜ்யமாம் நாள் அல்ல. ஆகவே ஜனவரி 1-உடன் 263 நாளைக் கூட்ட வேண்டும்: செப்டம்பர் 20. மீதி 0.51782528 நாளை 86,400-ஆல் பெருக்கினால் 12 மணி 25 நிமிடம் 40 விநாடி. நம் கடிகாரத்தில் மாலை 5:55:40. 264-ஐக் கூட்டியவருக்கு ஒரு முழு நாள் தப்பிவிடும். ஆண்டு இரண்டே இலக்கம்: 57 முதல் 99 வரை 1900-கள், 00 முதல் 56 வரை 2000-கள்.

பைத்தானில் நேர வலயம் சொல்லாமல் "இப்போது" என்று கேட்டால், உங்கள் மடிக்கணினி இந்திய நேரத்தைத் தரும், வாடகைச் சர்வர் பெரும்பாலும் உலக நேரத்தைத் தரும். வீட்டில் தவறும் நிரல் சர்வரில் சரியாக ஓடினால் காரணம் இதுதான். உள்ளே எல்லாம் உலக நேரத்திலேயே ஓடட்டும். திரையில் காட்டும் கடைசி வரியில் மட்டும் 5 மணி 30 நிமிடம் கூட்டுங்கள். ஜிபிஎஸ் சிப்பிலிருந்து நேரம் எடுப்பவர்கள் கவனிக்கவும்: ஜிபிஎஸ் நேரம் உலக நேரத்தைவிட 18 விநாடி முன்னே ஓடுகிறது. அதைக் கழிக்காவிட்டால் 138 கி.மீ. பிழை.

மைக்ரோகண்ட்ரோலர்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆர்டுயினோ ஊனோவில் "டபுள்" என்று எழுதினாலும் கிடைப்பது 32 பிட்தான். ஜூலியன் நாள் (வானியலில் தொடர்ந்து எண்ணிவரும் நாள் எண்) 24 லட்சத்தைத் தாண்டிய எண். அந்த அளவில் 32 பிட்டின் மிகச் சிறிய படி கால் நாள், அதாவது 6 மணி நேரம். நிரல் ஓடும், பிழைச் செய்தி எதுவும் வராது, விடை மட்டும் ஆறு மணிக்கு ஒருமுறை குதிக்கும். 64 பிட்டில் அதே படி சுமார் 40 மைக்ரோ விநாடி. ஈஎஸ்பி32 மைக்ரோகண்ட்ரோலரில் 64 பிட் மெதுவாக ஓடினாலும் சரியாக ஓடும்.

எஸ்ஜிபி4 தரும் நிலை விண்மீன்களோடு நிற்கும் அச்சில் இருக்கிறது. நாமோ சுழலும் பூமியில் நிற்கிறோம். இரண்டையும் இணைப்பது கிரீனிச் நட்சத்திர நேரம், அதாவது விண்மீன்களை வைத்து அளக்கும் பூமியின் சுழற்சிக் கோணம். ஜூலியன் நாளிலிருந்து 2451545-ஐக் கழித்து, 360.98564736629-ஆல் பெருக்கி, 280.46061837-ஐக் கூட்டி, 360-ஆல் வகுத்த மீதியை எடுங்கள். சோதனை: 1987 ஏப்ரல் 10, நள்ளிரவு 0 மணி, ஜூலியன் நாள் 2446895.5. விடை 197.6932 டிகிரி வரவேண்டும். அதோடு உங்கள் தீர்க்கரேகை 80.29-ஐக் கூட்டினால் தண்டையார்பேட்டையின் நட்சத்திர நேரம்.

தீர்க்கரேகையும் நேரமும் ஒன்றுதான் என்பதை நம் பகுதி நன்றாகவே அறிந்தது. ராயபுரம் நிலையம் 1856-இல் திறந்தது. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் ரயில்வே பின்பற்றிய மெட்ராஸ் நேரம் கிரீனிச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னே. பதினைந்தால் பெருக்கிப் பாருங்கள், 80.31 டிகிரி. இன்றைய இந்திய நேரம் 82.5 டிகிரிக்கு உரியது. அதனால் நம் தெருவில் சூரியன் கடிகாரத்தைவிட சராசரியாக 9 நிமிடம் பிந்தியே உச்சிக்கு வருகிறது.

எஸ்ஜிபி4 தரும் அச்சு, அந்தந்தத் தேதிக்கு உரியது. நூலகம் ஏதாவது 2000-ஆம் ஆண்டு அச்சை எதிர்பார்த்து, நீங்கள் இதை அப்படியே கொடுத்தால், 25 ஆண்டுகளில் சேர்ந்த 0.35 டிகிரி அயன நகர்வு (பூமியின் சுழல் அச்சு மெல்லத் திரும்புவது) 40 கி.மீ. பிழையாக வெளிப்படும். நிரல் "கிட்டத்தட்ட சரி" என்று ஏமாற்றும் வகைப் பிழை இது.

மொட்டைமாடியின் இடத்தையும் கோளத்தில் கணக்கிட வேண்டாம். வரைபடம் தரும் 13.13 டிகிரி, துருவங்களில் சற்றே தட்டையான பூமி வடிவமான நீள்வட்டகத்தின் மேற்பரப்புக்குச் செங்குத்தாக அளந்த அட்சரேகை. பூமியின் மையத்திலிருந்து அளந்தால் 0.085 டிகிரி குறைவு, தரையில் 9 கி.மீ. வித்தியாசம். உச்சியில் போகும் நிலையத்துக்கு அது ஒரு டிகிரிக்கும் மேல். உயரத்தைப் பற்றி ஒரு சந்தேகம் எல்லோருக்கும் வரும்: கடற்கரையில் நின்றாலும் ஜிபிஎஸ் கருவி சில நேரம் மைனஸ் 80 மீட்டருக்கும் கீழே காட்டும். கருவி பழுதில்லை. தென்னிந்தியாவைச் சுற்றிக் கடல்மட்டமே நீள்வட்டகத்துக்கு அவ்வளவு கீழே இருக்கிறது. கடப்பை, அதாவது நிலையம் நம் வானத்தைக் கடந்துபோவதை, கணிக்க அந்த 80 மீட்டர் ஒரு பொருட்டில்லை.

செயற்கைக்கோளின் நிலையிலிருந்து உங்கள் நிலையைக் கழித்து, அந்த வெக்டாரைத் தெற்கு, கிழக்கு, உச்சி என மூன்றாகப் பிரியுங்கள். உச்சிப் பகுதியைத் தூரத்தால் வகுத்து, அதன் நேர்மாறு சைன் ஏற்றக் கோணம். திசைக்கோணத்துக்குக் கிழக்கையும், குறி மாற்றிய தெற்கையும் இரு உள்ளீடு வாங்கும் நேர்மாறு டேன் சார்பில் கொடுங்கள். ஒற்றை உள்ளீட்டுச் சார்பைப் போட்டால் தென்மேற்கும் வடகிழக்கும் ஒன்றாகிவிடும்.

கடப்பைத் தேட 30 விநாடிப் படி போதும். நிலையம் அடிவானத்துக்கு மேல் இருப்பது அதிகபட்சம் 11 நிமிடம், 10 டிகிரிக்கு மேல் ஆறு ஆறரை நிமிடம். ஏற்றக் கோணம் குறி மாறும் இடத்தைப் பாதி பாதியாக வெட்டிச் சுருக்கினால் ஐந்தாறு முறையில் விநாடிக்குள் வந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியுமா என்பது தனிக் கேள்வி. சூரியன் உங்கள் அடிவானத்துக்குக் கீழே 6 டிகிரியாவது போயிருக்க வேண்டும், நிலையத்தின் மேல் வெயில் பட வேண்டும். நிலையின் வெக்டாரைச் சூரியத் திசையில் வீழ்த்துங்கள். வீழ்ச்சி எதிர்க்குறியாகவும், அந்தக் கோட்டிலிருந்து தூரம் 6378 கி.மீ.-க்குள்ளும் இருந்தால் நிழல். நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய நேராக இறங்குவதால், உச்சியில் வரும் நிலையம் சூரியன் மறைந்து சுமார் 80 நிமிடம் வரைதான் ஒளிரும். மாலையில் மேற்கே எழுந்து கிழக்கே போகும்போது பாதி வானத்திலேயே மங்கி மறையும். கடல் பக்கம் போய்ச் சேருமுன் காணாமல் போனால் நிரலைச் சந்தேகிக்காதீர்கள். நிழலுக்குள் நுழையும் நேரத்தையும் அச்சிடச் செய்யுங்கள்.

தரவு எவ்வளவு புதியதோ அவ்வளவுதான் கணிப்பு. எஸ்ஜிபி4 தொடக்கக் கணத்திலேயே ஒரு கி.மீ. அளவில்தான் சரி. அதன்பின் நாளொன்றுக்கு ஒன்று முதல் மூன்று கி.மீ. வீதம் விலகும். காற்றிழுவையை அடியோடு விட்டால் அதைவிட மோசம். சுற்று வேகத்தின் மாற்றத்தில் பாதி என்று டிஎல்இ-யின் முதல் வரியில் வரும் எண் 0.0001 என்று வைத்துக்கொண்டால், நாளின் வர்க்கத்தால் பெருக்க, ஏழு நாளில் 0.0049 சுற்று, அதாவது 27 விநாடி. சூரியன் கொந்தளிக்கும்போது மேல் காற்று அடர்ந்து இந்த எண்ணே மாறிவிடும். 2022 பிப்ரவரியில் ஏவிய 49 ஸ்டார்லிங்க்குகளில் 38 புவிகாந்தப் புயலால் விழுந்தது இதே காற்றிழுவையால்தான். நிலையம் தன் இயந்திரத்தை இயக்கி உயரம் ஏற்றிய நாளுக்குப் பின் பழைய டிஎல்இ எதற்கும் உதவாது. டிஎல்இ தரும் இணையதளமான செலஸ்டிராக்கில் இறக்கும்போது கோப்பை வட்டில் சேமித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறைக்கு மேல் கேட்காதீர்கள். ஒவ்வொரு கணக்குக்கும் புதிதாக இறக்கும் நிரல்களின் முகவரியை அங்கே தடுத்துவிடுவார்கள்.

"எஸ்ஜிபி4 வேண்டாம், விசையை எழுதி ருங்கே-குட்டாவில் தொகையிட்டால் துல்லியம் கூடாதா" என்றும் கேட்டிருந்தீர்கள். சிறு சிறு நேரப் படியாக முன்னேறிக் கணக்கிடும் அந்த முறை துல்லியமானதுதான். ஆனால் தொடக்க நிலையும் வேகமும் எங்கிருந்து வரும்? எஸ்ஜிபி4-இலிருந்து எடுத்தால் அதன் பிழையும் கூடவே வரும். நிலையம் ஓடும் திசையில் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகப் பிழை இருந்தால் ஒரு சுற்றில் 16 கி.மீ.-க்கு மேலும், ஒரு நாளில் 250 கி.மீ.-க்கு மேலும் தள்ளிப்போகும். நல்ல தொடக்க அளவீடு கையில் இருந்தால் மட்டுமே அந்த உழைப்புக்குப் பலன். பயிற்சிக்காக எழுதினால் 10 விநாடிப் படியில் தொடங்கி, படியைப் பாதியாக்கிப் பாருங்கள், விடை மாறக் கூடாது. மைய ஈர்ப்பையும் பிதுக்கத்தையும் மட்டும் வைத்தால் மொத்த ஆற்றல் மாறாமல் நிற்க வேண்டும்.

கடைசியாக மொட்டைமாடி. போனின் திசைகாட்டியைத் தளத்துக் கம்பியும் தண்ணீர்த் தொட்டியின் இரும்புத் தாங்கியும் பத்து இருபது டிகிரி இழுத்துவிடும். துருவ நட்சத்திரம் நமக்கு வடக்கே 13 டிகிரி உயரத்தில்தான். எண்ணூர், மணலிப் பக்கத்துப் புகைமூட்டத்தில் அது தெரியும் இரவுகள் குறைவு, தெரிந்த இரவில் சுவரில் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். காசிமேட்டுக் கரைக்குப் போனால் கிழக்கே அடிவானம் முழுக்கத் திறந்திருக்கும். ஆனால் அடிவானத்தை ஒட்டிக் காற்று ஒளியை அரை டிகிரி அளவுக்கு வளைக்கும், ஆகவே நேரத்தை நிலையம் 10 டிகிரிக்கு மேல் ஏறியபின் அளவிடுங்கள்.

நிலையம் தெரிந்த ஒரு நட்சத்திரத்தை ஒட்டிப் போகும் நொடியைக் குறித்து, நிரலோடு ஒப்பிடுங்கள். பாதை சரி, எல்லாக் கடப்பிலும் ஒரே அளவு விநாடி தப்புகிறது என்றால் கடிகாரம். அது 18 ஆக இருந்தால் ஜிபிஎஸ் நேரம். நேரம் சரி, பாதை ஒரு டிகிரி வடக்கே அல்லது தெற்கே தள்ளியிருந்தால் அட்சரேகையைக் கோளத்தில் போட்டிருக்கிறீர்கள். நாளுக்கு நாள் விலகல் வளர்ந்தால் தரவு பழசு. எந்தக் கடப்பும் ஒத்துவராவிட்டால் தீர்க்கரேகையின் குறியைப் பாருங்கள், மைனஸ் 80.29 என்றால் நீங்கள் கரீபியக் கடலில் நிற்கிறீர்கள். ஒரு கடப்புகூடக் கிடைக்காவிட்டால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கின்றன: வடக்கே 80 டிகிரியில் விண்வெளி நிலையம் அடிவானத்துக்கு மேலே எழுவதே இல்லை.